வராதே என்று சொல்லும் விளக்கு

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஸ்காட்லாந்துக் கடலில் பெல் ராக் என்று ஒரு பாறை இருக்கிறது, தினம் இரண்டு தடவை தண்ணீருக்குள் முழுகிப்போகும், அதன்மேல் 1811-லிருந்து ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. சரி, இந்தத் தடவை சினிமா, அரசியல், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: முழுகிப்போகிற பாறையில் ஏன் சார் கட்ட வேண்டும்? பக்கத்தில் கரையில் கட்டினால் ஆகாதா?

கரை பக்கத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். ஆர்ப்ரோத் என்கிற சிறிய துறைமுக ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் கடலுக்குள் போனால்தான் அந்தப் பாறை. கரையில் எத்தனை பெரிய விளக்கை வைத்தாலும் "இதோ கரை" என்று காட்டுமே தவிர, "உன் காலுக்கடியில் பாறை" என்று சொல்லாது.

அப்புறம், உங்கள் ஊர்க் கடலை வைத்து இதைக் கணக்குப் போடக் கூடாது. நம் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டம், தினம் ஏறுவதும் இறங்குவதும் ஒரு கை அளவு, மிஞ்சினால் இடுப்பளவு. அந்தப் பக்கம் பதினைந்து அடிக்குக் குறையாது. தண்ணீர் நன்றாக வற்றும்போது பாறை நாலடி வெளியே தலைகாட்டும். ஏறும்போது அதன்மேல் பன்னிரண்டு அடிக்குமேல் தண்ணீர் நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அலை உடைவதுகூடச் சில நாள் தெரியாது. நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்வார்களே, அது மாதிரி. ஆனால் நம் ஆட்களுக்குப் பார் என்றால் மீன் கிடைக்கும் இடம். அங்கே அது ஃபோர்த், டே என்ற இரண்டு பெரிய முகத்துவாரங்களுக்குள் நுழைகிற கப்பல்களின் பாதையிலேயே கிடந்தது. எடின்பரோவுக்கும் டன்டீக்கும் போகிற கப்பல் எல்லாம் அந்த வழிதான்.

1799 டிசம்பரில் அடித்த புயலில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை நெடுக எழுபது கப்பல்கள் வரை போயின. அப்போதும் அரசாங்கம் அசையவில்லை. 1804 ஜனவரியில் 'யார்க்' என்ற போர்க்கப்பல், ஏறக்குறைய 490 பேரோடு, ஒருவர்கூட மிச்சமில்லாமல் காணாமல் போனது. அது இந்தப் பாறையில்தான் மோதியிருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பினார்கள். 1806-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. வியாபாரிகளின் கப்பல் முழுகினால் மனு. அரசரின் கப்பல் முழுகினால் சட்டம். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

மதுரை வாசகி: பெல் ராக் என்றால் மணிப்பாறை. மணி எங்கே?

கதையில் இருக்கிறது. ஆர்ப்ரோத் மடத்துத் தலைவர் ஒருவர் அந்தக் காலத்தில் பாறையில் ஒரு மணியைக் கட்டிவைத்தாராம். அலை அடிக்க அடிக்க அது ஒலித்துக் கப்பல்காரர்களை எச்சரித்ததாம். ஒரு கடற்கொள்ளைக்காரன் வம்புக்கு அதை அறுத்துப் போட்டான். பிறகு ஒரு நாள் மூடுபனியில் வந்து அதே பாறையில் அவன் கப்பலே மோதியது. கேட்கும்போதே தெரிகிறது, இது பாட்டி சொல்கிற கணக்கில் கச்சிதமாக இருக்கிறது என்று. பாறையின் இன்னொரு பெயர் இன்ச்கேப்.

கோவை பொறியியல் மாணவர்: தண்ணீர் வற்றும் கொஞ்ச நேரத்துக்குள் அஸ்திவாரம் எப்படித் தோண்டினார்கள்?

அழுதுகொண்டேதான் தோண்டியிருப்பார்கள். 1807 ஆகஸ்ட் 17-ம் தேதி வேலை தொடங்கியது. ராபர்ட் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர், அப்போது வயது 35, ஆட்களோடு தானும் பாறையில் இறங்கினார். ஒரு வற்றத்துக்கு இரண்டு மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. கடற்பாசி வழுக்கும். குந்தாலியால் கொத்த வேண்டும், கொத்திய குழியில் அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் நிரம்பிவிடும், அடுத்த வற்றத்தில் முதலில் அதை இறைத்துவிட்டுத்தான் மறுபடி கொத்த வேண்டும்.

குந்தாலி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும் இல்லையா? அதைத் தீட்டிக் கொடுக்க அந்தப் பாறை மேலேயே ஒரு கொல்லன் உலை வைத்தார்கள். ஜேம்ஸ் டவ் என்கிற கொல்லர், முழங்கால் வரை கடல் ஏறிய பிறகும் உலை முன்னால் நின்று அடித்துக்கொண்டிருப்பாராம். மேலே முகத்துக்கு நேரே நெருப்பு, கீழே காலில் வட கடலின் பனித்தண்ணீர். துருத்திக்குள் அலை புகுந்து நெருப்பு அணைந்தால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். சங்கு ஊதுவதற்கு ஆள் தேவைப்படவில்லை.

அன்றாடம் கரைக்குத் திரும்ப முடியாது என்பதால் சற்றுத் தள்ளி நங்கூரமிட்ட 'ஃபாரோஸ்' என்ற விளக்குக் கப்பலில் தங்கினார்கள். அது ஆடிய ஆட்டத்துக்குப் பாறையே தேவலை என்று இருந்திருக்கிறது. குமட்டலுக்குப் பாறையில் முளைத்த 'டல்ஸ்' என்ற சிவப்புப் பாசியைப் பிய்த்து மென்றார்கள். அதனால்தான் அவசரமாக மரக்கால்கள் நட்டு ஒரு பரண் வீடு கட்டினார்கள், வெள்ளம் வந்தால் ஏறிக்கொள்ளலாம், பிற்பாடு அதிலேயே படுத்தும் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று ஸ்டீவன்சன் சொன்னபோது, அது தெய்வக் குற்றம் என்று சிலர் படகில் ஏற மறுத்தார்கள். அவர் அவர்களைச் சீட்டுக் கிழித்து அனுப்பவில்லை. நெப்போலியனோடு சண்டை நடந்த காலம், துறைமுகத்தில் கிடைத்த ஆளையெல்லாம் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். இந்த வேலையில் இருந்த மாலுமிகளுக்கு 'இவரைப் பிடிக்காதே' என்று தனி வில்லையே கொடுத்திருந்தார்கள். அந்த வில்லைக்காகவே வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள் இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: வெள்ளம் ஏறும்போது படகு வராமல் போயிருந்தால்?

போனது. 1807 செப்டம்பர் 2. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அன்று பாறையில் 32 பேர். அவர்களைக் கொண்டுவந்த 'ஸ்மீட்டன்' என்ற கப்பல் காற்றில் நங்கூரம் விட்டுப்போய் இழுத்துக்கொண்டு போகிறது. வேலையாட்கள் குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தது ஸ்டீவன்சனும் இன்னொருவரும்தான். மீதம் இருப்பது இரண்டு படகு. நல்ல கடலில் இரண்டும் சேர்ந்து 24 பேரைத் தாங்கும். அன்று இருந்த அலைக்குப் படகுக்கு எட்டுப் பேர்தான் ஏறலாம். ஆகப் பாதிப் பேருக்கு இடமில்லை. வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது.

அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கையில் குந்தாலியும் சம்மட்டியும் வைத்திருக்கிற ஆட்கள். கொஞ்ச நேரத்தில் உலை அணைகிறது, எல்லாரும் கருவியைத் தூக்கிக்கொண்டு படகுப் பக்கம் வருகிறார்கள், வந்து பார்த்தால் மூன்று படகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. யாரும் கத்தவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள், பிறகு எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் வரவில்லை. குனிந்து, பாறைக் குழியில் கிடந்த உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடிக்கிறார். நிமிரும்போது யாரோ "படகு, படகு!" என்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்பிங்க் என்கிற ஆர்ப்ரோத் படகோட்டி, தபால் கொடுக்க வந்திருக்கிறார். எல்லாரும் பிழைத்தார்கள்.

இது ஸ்டீவன்சன் தன் கைப்பட எழுதிவைத்த சம்பவம். நாக்கு வறண்டதை அவர் மறைக்காமல் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் ஒரு பாலம் திறந்தால் போடுகிற மலரில் எந்தப் பொறியாளராவது தனக்கு நாக்கு வறண்டது என்று எழுதுவாரா?

அதே கோவை மாணவர் மறுபடியும்: இரு நூறு ஆண்டுக்கு மேல் அலை அடித்தும் ஏன் விழவில்லை? சிமென்டே கிடையாதே அப்போது?

இன்றைய சிமென்ட் இல்லை, எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணாம்புக் காரை இருந்தது, அது தண்ணீருக்குள்ளும் இறுகும். ஆனால் கோபுரத்தைப் பிடித்துவைத்திருப்பது காரை அல்ல, கல்லின் வடிவம்.

வீட்டில் பழைய தேக்கு மேஜை இருந்தால் இழுப்பறையை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பலகை முனை விசிறி மாதிரி விரிந்து இன்னொரு பலகைக்குள் கோத்திருக்கும். தச்சர்கள் டவ்டெயில் என்பார்கள். நேராக இழுத்தால் வராது. பெல் ராக்கில் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு அப்படித்தான் பூட்டிக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குத் துளை போட்டுக் கருவாலி (ஓக்) மர முளைகளை அறைந்தார்கள். ஒரு கல்லைக் கடல் பிடுங்க வேண்டும் என்றால் அந்த வரிசையையே பிடுங்க வேண்டும்.

2,800-க்கு மேற்பட்ட கற்கள், மொத்தம் 2,000 டன்னுக்கு மேல். ஒவ்வொரு வரிசையையும் முதலில் ஆர்ப்ரோத் களத்தில் தரையில் அடுக்கிப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, கப்பலில் ஏற்றி, பாறையில் மறுபடி அடுக்கினார்கள். களத்தில் கல் இழுத்தது பாஸி என்ற ஒரு குதிரை. வேலை முடிந்ததும் அதற்கு ஓய்வு கொடுத்துத் தீவு ஒன்றில் மேயவிட்டார்கள். அலை படுகிற கீழ்ப்பகுதியின் வெளிச்சுற்று அபர்டீன் பக்கத்துக் கருங்கல். உள்ளேயும் மேலேயும் மணற்கல். முதல் கல் 1808 ஜூலை 10, கல் வேலை முடிந்தது 1810 ஜூலை 30.

கோபுரம் விளக்கோடு சேர்த்து 115 அடி. அடியில் 42 அடி விட்டம், மேலே போகப் போகக் குறுகி 15 அடி. முதல் 30 அடிக்கு உள்ளே அறையே கிடையாது, முழுக்கக் கல். அதற்கு மேல்தான் வாசல், ஏணி போட்டுத்தான் ஏற முடியும். அந்த வளைவைக் கவனியுங்கள், மரத்தின் அடிப்பகுதி வேரோடு சேரும் இடத்தில் எப்படி விரியுமோ அப்படி. இது ஸ்டீவன்சன் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் எடிஸ்டோன் பாறையில் 1759-ல் ஜான் ஸ்மீட்டன் கட்டியதுதான் எல்லாவற்றுக்கும் தாத்தா. அதற்கு முன் அங்கே நின்ற ஒன்றை 1703 புயல் கட்டியவரோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. அடுத்தது மரம், 1755-ல் எரிந்து போனது. ஸ்மீட்டன்தான் கல்லைக் கோத்தார். பெல் ராக்கின் வேலைக்கப்பலுக்கு 'ஸ்மீட்டன்' என்று பெயர் வைத்தது அந்த மரியாதைக்குத்தான். அதே கப்பல் காலை வாரியது வேறு விஷயம்.

ஸ்டீவன்சன் சேர்த்தது என்ன என்றால், தளம். ஸ்மீட்டன் தன் கோபுரத்தில் தளங்களை வளைவாகக் கட்டினார். வளைவு எப்போதும் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும், அதனால் சுற்றி இரும்புச் சங்கிலி போட்டு இறுக்க வேண்டி வந்தது. ஸ்டீவன்சன் தளக் கற்களைத் தட்டையாக்கி, அவற்றின் முனை சுவருக்குள்ளேயே போய்க் கோக்கும்படி செய்தார். தளம் சுவரைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்துப் பிடிக்கிறது. எனக்கு மொத்தக் கட்டடத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

திருச்சி வாசகர்: ஜான் ரென்னி என்பவர்தான் கட்டினார் என்று படித்தேனே?

தலைமைப் பொறியாளர் ரென்னி, அது உண்மை. அவர் பெயர் இல்லாவிட்டால் நாடாளுமன்றம் காசு கொடுத்திருக்காது. அடிப்பகுதியின் வளைவிலும் அவர் கை இருக்கிறது. பாறைக்கு அவர் வந்தது எண்ணி ஒரு சில தடவை. தினமும் நனைந்தவர் ஸ்டீவன்சன். இரண்டு குடும்பமும் இதற்காகப் பிறகு சண்டை போட்டுக்கொண்டன. என் ஓட்டு நனைந்தவருக்கு. அவர் மகன் ஆலன் 1844-ல் மேற்குக் கடலில் ஸ்கெரிவோர் கோபுரத்தைக் கட்டினார். அழகில் அப்பாவை மிஞ்சியது அது.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: மின்சாரம் இல்லாத காலத்தில் விளக்கு எப்படிச் சுழன்றது?

பழைய சுவர்க் கடிகாரத்தில் குண்டு இறங்குமே, அதே விதி. கனமான எடை ஒன்று கயிற்றில் மெல்ல இறங்க, பல்சக்கரங்கள் விளக்குச் சட்டத்தைச் சுற்றின. எடை அடிக்கு வந்ததும் காவலர் மறுபடி சுற்றி மேலே ஏற்ற வேண்டும், ராத்திரி முழுக்க. திமிங்கில எண்ணெயில் எரிந்த விளக்குகள், பின்னால் வெள்ளி பூசிய குழியாடிகள். சில பக்கங்களுக்குச் சிவப்புக் கண்ணாடி. அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறி வரும். காரணம் இருக்கிறது: அந்தப் பகுதியில் மே தீவில் 1636-லிருந்து நிலக்கரி மூட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். எது எந்த விளக்கு என்று மாலுமி குழம்பினால் விளக்கே எமன் ஆகிவிடும். மூடுபனி வந்தால் அதே இயந்திரம் மணிகளையும் அடித்தது, ஆக மணிப்பாறைக்குக் கடைசியில் மணி வந்து சேர்ந்தது. முதலில் ஏற்றியது 1811 பிப்ரவரி 1. இப்போது வெள்ளை மட்டும், 5 விநாடிக்கு ஒரு மின்னல்.

ஒரே ஒரு தடவை இருட்டில் விட்டதற்கு விலை கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் எதிரிக்கு உதவும் என்று விளக்கை அணைத்துவைத்திருந்தார்கள். 1915 அக்டோபர் 28-ல் 'ஆர்கைல்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து அந்தப் பாறையிலேயே ஏறிவிட்டது. கப்பல் போனது, ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர்: 'கலங்கரை' என்பதில் உள்ள 'கரை' கடற்கரை அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். சரிதானே?

சரிதான் ஐயா. கரைதல் என்றால் அழைத்தல், காகம் கரைகிறதே அந்தக் கரைதல். பெரும்பாணாற்றுப்படையில் 'ஓடுகலம் கரையும்' என்று வருகிறது. உயர்ந்த மாடத்தில் இரவில் மூட்டிய தீ, போகிற கப்பலைத் துறைக்குக் கூப்பிடுகிறது. துறைமுக விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இந்தக் கடிதக் கட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது: பெல் ராக் யாரையும் கூப்பிடவில்லை. அது நிற்பதே "வராதே, தள்ளிப் போ" என்று சொல்லத்தான். அழைக்கிற விளக்குக்குத் தமிழில் சொல் இருக்கிறது, விரட்டுகிற விளக்குக்கு ஒன்று வேண்டும். மாணவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: இந்த மாதிரிக் கட்டடம் எங்கள் பக்கம் உண்டோ?

உண்டு, ஒன்றல்ல, இரண்டு. உங்கள் தீவின் தென்கிழக்கில், கிரிந்தைக்கும் யாலைக்கும் அப்பால் நடுக்கடலில் பெரிய பாஸஸ், சின்ன பாஸஸ் என்று இரண்டு பாறைத்திட்டுகள். சிங்களத்தில் மகா ராவணக் கோட்டுவ, குடா ராவணக் கோட்டுவ, அதாவது ராவணன் கோட்டை. பெரியதில் 1873-லும் சின்னதில் 1878-லும் விளக்கு எரிந்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் டக்ளஸ், இடத்தில் நின்று கட்டியவர் அவர் தம்பி வில்லியம். எடிஸ்டோனில் ஸ்மீட்டன் கோபுரத்துக்கு அடியில் பாறையைக் கடல் அரித்துவிட்டதால் 1882-ல் புதிதாகக் கட்டினார்களே, அதுவும் அதே ஜேம்ஸ் டக்ளஸ்தான். ஆகவே கல்லைக் கல்லோடு பூட்டுகிற அந்தப் பரம்பரை நேராக ராவணன் கோட்டைக்கு வந்திருக்கிறது. 1961-ல் பெரிய பாஸஸ் பக்கத்தில் முக்குளித்தவர்கள், ஔரங்கசீப் காலத்து சூரத் வெள்ளி நாணயங்களை, பவளம் பிடித்துக் கட்டிகட்டியாக, ஒரு முழுகிய கப்பலிலிருந்து எடுத்தார்கள். விளக்கு 170 வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த வெள்ளி போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சேலம் வாசகி: காவலர்களின் மனைவி மக்கள் எங்கே இருந்தார்கள்?

ஆர்ப்ரோத்தில். அங்கே துறைமுகத்தை ஒட்டி 1813-ல் சிக்னல் கோபுரம் என்று ஒன்று கட்டி, குடும்பங்களுக்கு வீடும் கொடுத்தார்கள். தினமும் காலையில் பாறைக் கோபுரத்தின் உச்சியில் செம்புப் பந்து ஒன்றை ஏற்றுவார்கள்: எல்லாரும் சுகம். கரையில் இருப்பவர்கள் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தங்கள் பந்தை ஏற்றுவார்கள். பந்து ஏறாவிட்டால் படகு கிளம்பும். ஆறு வாரம் பாறை, இரண்டு வாரம் கரை என்று முறை. பாறையில் இருக்கும்போது மனைவிக்குப் பிரசவம் ஆனால் என்ன செய்வது? ஆண் குழந்தை என்றால் சிக்னல் கோபுரத்தில் கால்சட்டை, பெண் என்றால் பாவாடை ஏற்றுவார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். இரட்டையாகப் பிறந்தால் என்ன ஏற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: ஏறிப் பார்க்க விடுவார்களா?

விடமாட்டார்கள். 1988 அக்டோபரோடு காவலர்களும் போய்விட்டார்கள், எல்லாம் தானியங்கி. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் மெரினாவில் ஏறுங்கள், லிஃப்டே இருக்கிறது. ஆர்ப்ரோத் போக வாய்த்தால் சிக்னல் கோபுரம் இப்போது அருங்காட்சியகம், அதைப் பாருங்கள். கடல் அனுமதித்தால் படகில் பாறையைச் சுற்றிவரலாம், வற்றத்தில் போனால் சீல்கள் படுத்துக் கிடக்கும். திரும்பி வந்ததும் 'ஆர்ப்ரோத் ஸ்மோக்கி' சாப்பிடுங்கள். ஹாடக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டு விறகுப் புகையில் வேகவைப்பார்கள். கருவாடு என்று நினைத்துவிடாதீர்கள், சூடாக, கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும்.